ஜெல் நகப்பூச்சு வந்த கதையும் அதைப் பத்திரமாக வைக்கக் கற்ற கதையும்



சிறப்பு மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, பலரும் குழு தொடங்கிய நாள், முதல் சேமிப்பு, முதல் வங்கிக் கடன் பற்றி எழுதுவதாகச் சொன்னார்கள். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கி, பிறகு மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவிய நம்ம இயக்கத்தின் கதை எழுத எழுதத் தீராது. அதை எழுத என்னைவிட மூத்தவர்கள் இருக்கிறார்கள். நான் என் தொழிலின் வரலாற்றை எழுதுகிறேன் என்றேன். "நகத்துக்கு என்ன வரலாறு இருக்கு?" என்று எங்கள் ஊக்குநர் அக்கா சிரித்தார். இருக்கு அக்கா, நிறையவே இருக்கு.

நான் குழுக்கடனில் பார்லர் வைத்தவள். நம்ம கூட்டமைப்பில் என்னைப் போல் சொந்தமாகப் பார்லர் நடத்துபவர்கள், டவுன் கடைகளில் சம்பளத்துக்குப் போகிறவர்கள், கல்யாண வீடுகளுக்கு மேக்கப் போடப் போகிறவர்கள் என்று பலர் இருக்கிறோம். கடந்த சில வருடங்களாக எல்லாக் கடையிலும் ஜெல் நகப்பூச்சு கேட்கிறார்கள். கல்யாணப் பெண் கேட்கிறாள், கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல வருமானம்தான். ஆனால் அந்தச் சின்னப் பாட்டிலின் லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் எச்சரிக்கைகளை யாரும் படிப்பதில்லை. "பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்", "தோலில் படக் கூடாது", "நெருப்பிலிருந்து விலக்கி வைக்கவும்", "தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்". இவற்றில் பல வரிகள் யாரோ பாதிக்கப்பட்ட பிறகு வந்தவை. யார் எப்படிப் பாதிக்கப்பட்டார்கள் என்று தெரிந்துவிட்டால் லேபிளைப் படிக்காமல் பாட்டிலைத் திறக்க மனசு வராது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மருதாணியிலிருந்து பாட்டிலுக்கு

நம் பாட்டிகளுக்கு நக அலங்காரம் என்றால் மருதாணி. இலையைப் பறித்து, அம்மியில் அரைத்து, ராத்திரி வைத்துக்கொண்டு காலையில் கழுவினால் முடிந்தது. அன்றைக்கு அரைத்தது அன்றைக்கே தீர்ந்தது. எடுத்து வைக்க வேண்டிய கேள்வியே இல்லை.

பாட்டிலில் வரும் நகப்பூச்சு வெளிநாட்டில் பிறந்தது. முதல் உலகப் போர் காலத்தில், 1917 வாக்கில், அமெரிக்காவில் கியூடெக்ஸ் கம்பெனி திரவ நகப்பூச்சை விற்கத் தொடங்கியது. 1932-ல் ரெவ்லான் கம்பெனி தொடங்கி, அடர்ந்த நிறப் பூச்சுகளைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 1952-ல் டாடா குழுமம் லக்மே கம்பெனியைத் தொடங்கியது. லட்சுமி என்ற பெயரின் பிரெஞ்சு வடிவம்தான் லக்மே.

இந்தச் சாதாரண நெய்ல் பாலிஷின் மூலப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ். மோட்டார் காருக்கு அடித்த பெயிண்டிலும் அதுதான். பழைய கால சினிமா பிலிம் சுருளிலும் அதுதான். பழைய படங்கள் பல தீயில் அழிந்து போனதற்கு அந்தச் சுருள் லேசில் தீப்பிடித்ததே காரணம். பாலிஷில் அதைக் கரைத்து வைக்கும் திரவங்களும் எளிதில் பற்றக்கூடியவை. ஆக "நெருப்பிலிருந்து விலக்கி வைக்கவும்" என்ற எச்சரிக்கைக்கு நகப்பூச்சின் பிறப்பிலேயே காரணம் இருக்கிறது.

பல் டாக்டரின் கடையிலிருந்து வந்த சரக்கு

செயற்கை நகம் வந்தது பல் வைத்தியத்திலிருந்து. 1950-களில் அமெரிக்காவில் ஃபிரெட் ஸ்லாக் என்ற பல் மருத்துவர், உடைந்த தன் நகத்தைச் சரிசெய்ய, பல் கட்ட வைத்திருந்த அக்ரிலிக் பொருளையே பயன்படுத்தினார் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கதை. பொடியையும் திரவத்தையும் கலந்தால் கல் மாதிரி இறுகும். அதை நகத்தின் மேல் வைத்து நீட்டினார்கள். பிறகு பார்லர்களுக்கு அது வியாபாரமாக வந்தது.

அந்தத் திரவத்தின் பெயர் மெத்தில் மெத்தாக்ரிலேட். சுருக்கமாக எம்.எம்.ஏ. பல் செட்டுக்கும் எலும்பு ஆபரேஷனில் வைக்கும் சிமெண்டுக்கும் பயன்படுவது. மலிவு, நல்ல கெட்டி. ஆனால் அந்தக் கெட்டித்தனமே வினையானது. கதவில் இடித்தால் செயற்கை நகம் உடையாது, அடியில் இருக்கும் நம் சொந்த நகத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நகம் கோணலாக வளர்ந்தவர்கள், விரலெல்லாம் வெடித்துப் புண்ணானவர்கள் என்று 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் போயின. அந்தத் துறை நீதிமன்றம் போய் ஒரு கம்பெனியைத் தடுத்தது, சரக்கைப் பறிமுதல் செய்தது, மற்ற கம்பெனிகள் தாங்களாகவே திரும்பப் பெற்றன. அதன் பிறகு எத்தில் மெத்தாக்ரிலேட் என்ற சற்று மென்மையான திரவம் அந்த இடத்துக்கு வந்தது.

மலிவு என்பதால் எம்.எம்.ஏ. மறுபடி மறுபடி சந்தைக்குள் நுழைகிறது. அடையாளம் சொல்றேன், கேட்டுக்கோங்க. வாடை மூக்கைத் துளைக்கும், வழக்கமான வாடையாக இருக்காது. ராவினால் லேசில் தேயாது. அசிட்டோனில் ஊறவைத்தாலும் லேசில் விடாது. அப்படி ஒரு திரவம் பெயரில்லாத கேனில் கிடைத்தால் வாங்காதீங்க.

இரண்டு குழந்தைகளும் இரண்டு சட்டங்களும்

இந்த வரலாற்றில் என்னை ரொம்பவும் உலுக்கியது இதுதான். செயற்கை நகத்தைக் கழற்ற ஒரு காலத்தில் அசிட்டோநைட்ரைல் என்ற திரவத்தையும் விற்றார்கள். பெயரைக் கேட்டால் அசிட்டோன் மாதிரி இருக்கும், ஆனால் இது வேற. வயிற்றுக்குள் போனால் உடம்பு அதை மெல்ல மெல்ல சயனைடாக மாற்றும். குடித்த உடனே ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அமெரிக்காவில் இரண்டு சிறு குழந்தைகள் இதை விழுங்கியதைப் பற்றி 1988-ல் ஒரு மருத்துவ இதழ் எழுதியது. ஒரு குழந்தை பிழைத்தது. மற்றது 16 மாதக் குழந்தை, மறுநாள் காலையில் படுக்கையிலேயே இறந்து கிடந்தது. சாதாரண ரிமூவர்தானே என்று பெரியவர்கள் நினைத்திருப்பார்கள். அதன் பிறகு 1990-ல் அந்தப் பொருள் உள்ள பாட்டில்களுக்குக் குழந்தைகள் திறக்க முடியாத மூடி போட வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. ஐரோப்பாவில் அழகுசாதனங்களில் அதைச் சேர்க்கவே தடை.

அடுத்தது பிரைமர். நகத்தில் பூச்சு பிடிக்க முதலில் தடவுவோமே, அதில் சில வகைகளில் மெத்தாக்ரிலிக் அமிலம் இருக்கும். அதைக் கொட்டிக்கொண்ட குழந்தைகளுக்குத் தோலும் வாயும் வெந்துபோன சம்பவங்களுக்குப் பிறகு, 1999-ல் அதற்கும் அதே மாதிரி மூடி கட்டாயமானது.

இப்போது யோசிச்சுப் பாருங்க. நம்மில் எத்தனை பேர் ரிமூவரை லிட்டர் கணக்கில் வாங்கி, தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிறோம்? கடை வேற, வீடு வேற என்று இல்லாமல் முன் அறையிலேயே தொழில் பண்ணுகிற வீடுகளில், பாலர் பள்ளி விட்டு வருகிற பிள்ளை தாகத்தோடு வரும். தண்ணீர் பாட்டிலைப் பார்த்தால் அது என்ன நினைக்கும்?

இருபது அகதிப் பெண்கள்

சோகத்தை மட்டும் சொல்லிக்கொண்டே போனால் இது நம் மலருக்குப் பொருந்தாது. நமக்கு நெருக்கமான ஒரு கதையும் இந்தத் தொழிலில் இருக்கிறது.

1975-ல் வியட்நாம் போர் முடிந்து, லட்சக்கணக்கானோர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், சாக்ரமெண்டோ நகருக்குப் பக்கத்தில், ஹோப் வில்லேஜ் என்று ஓர் அகதி முகாம் இருந்தது. ஹாலிவுட் நடிகை டிப்பி ஹெட்ரன் அங்கே உதவிக்கு வருவார். முகாமில் இருந்த பெண்களுக்கு என்ன தொழில் கற்றுக்கொடுக்கலாம் என்று தையல், தட்டச்சு என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண்கள் ஹெட்ரனின் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவர் தன் நக அலங்காரக் கலைஞரை முகாமுக்கு வரவழைத்து, 20 பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். அவர்கள் அழகுக்கலைப் பள்ளியில் சேர்ந்து, உரிமம் வாங்கி, கடை போட்டார்கள். தங்கையை, நாத்தியை, சிநேகிதியைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு அமெரிக்காவில் நகத் தொழில் செய்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வியட்நாம் வழிவந்தவர்கள்.

படித்தபோது எனக்கு நம்ம குழுக்கள்தான் ஞாபகம் வந்தன. ஆங்கிலம் தெரியாது, கையில் காசு இல்லை. ஒருத்தி கற்று இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுத்தே ஒரு தொழிலை நாடு முழுக்க விரித்தார்கள்.

ஆனால் வருமானத்தோடு நோயும் சேர்ந்து வந்தது. நாள் முழுக்கப் பூட்டிய அறை, அசிட்டோன் வாடை, ராவிய தூசி. தலைவலி, மூச்சுத் திணறல், கை அரிப்பு. கர்ப்பமாக இருக்கும்போதும் அதே நாற்காலி. எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் இருந்தன, வேலை செய்தவர்களுக்கு வியட்நாமிய மொழிதான் தெரியும். 2005-ல் கலிபோர்னியாவில் நகத் தொழிலாளர்கள், கடைக்காரர்கள், மருத்துவ ஊழியர்கள் எல்லோரும் சேர்ந்து ஆரோக்கியமான நகக் கடைகளுக்கான ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தினார்கள். டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் என்ற மூன்று நச்சுப் பொருள்களை எடுக்கச் சொல்லிப் பல அமைப்புகள் சேர்ந்து கேட்டன. 2006 வாக்கிலிருந்து சில பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கின. 2010-ல் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம், நல்ல பொருள்களும் காற்றோட்டமும் வைத்திருக்கிற கடைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் சட்டம் போட்டது. 2015-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை நகத் தொழிலாளர்களின் சம்பளத்தையும் உடல்நலத்தையும் பற்றி நீண்ட கட்டுரைகள் எழுதிய பிறகு, அந்த மாநில அரசு கையுறை, முகக்கவசம் போன்றவற்றைக் கட்டாயமாக்கியது.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 2012-ல் கலிபோர்னியா அரசின் ஒரு துறை கடைச் சரக்குகளை வாங்கிச் சோதித்தபோது, "நச்சு இல்லை" என்று அச்சடித்த பல பாட்டில்களில் அந்தப் பொருள்கள் இருந்தன. லேபிளை மட்டும் நம்பிப் பிரயோஜனமில்லை, யாரிடம் வாங்குகிறோம் என்பதும் முக்கியம் என்பது அப்போது தெரிந்தது.

வாடை இல்லாத ஜெல்

இப்போது நாம் பயன்படுத்தும் ஜெல்லுக்கு வருவோம். புற ஊதா ஒளியில் இறுகும் ஜெல் 1980-களிலேயே வந்துவிட்டது. ஆனால் அப்போது விளக்கும் சரியில்லை, ஜெல்லும் சரியில்லை, அதிகம் ஓடவில்லை. 2010-ல் சி.என்.டி. கம்பெனியின் ஷெல்லாக் போன்ற, பாலிஷ் மாதிரியே தூரிகையால் பூசும் ஜெல் வந்தது. இரண்டு வாரம் அழியாமல் நிற்கும். உலகம் முழுக்கப் பரவியது.

சாதாரண பாலிஷ் காற்றில் காயும். ஜெல் அப்படி இல்லை. அதில் இருக்கும் சின்னச் சின்ன மூலக்கூறுகள் விளக்கு ஒளி பட்டதும் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டு இறுகும். முழுக்க இறுகிவிட்டால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. இறுகாத ஜெல்தான் ஆபத்து. கோத்துக்கொள்ளாத மூலக்கூறு தோலுக்குள் நுழைந்து ஒவ்வாமையை உண்டாக்கும். அக்ரிலிக் திரவம் மாதிரி வாடை வராததால், இது சாது என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். விரலில் வழிந்ததை விரலாலேயே துடைத்தார்கள்.

முக்கியமான ஒரு பொருளுக்கு ஹேமா என்று பெயர். நம்ம ஊர்ப் பெண் பேர் மாதிரி இருக்கும். லேபிளில் எச், இ, எம், ஏ என்று நான்கு ஆங்கில எழுத்தாகப் போட்டிருக்கும். இந்த அக்ரிலேட் வகை ஒவ்வாமை பல் மருத்துவர்களிடமும் எலும்பு மருத்துவர்களிடமும் முன்பே தெரிந்ததுதான். ஜெல் வந்த பிறகு பார்லர் பெண்களிடமும் வீட்டில் தாங்களே போட்டுக்கொள்கிறவர்களிடமும் கூடியது. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2012-ன் முக்கிய ஒவ்வாமைப் பொருளாக அக்ரிலேட்டை அறிவித்தது. 2018-ல் பிரிட்டன் தோல் மருத்துவர்கள் சங்கம் பொதுமக்களை எச்சரித்தது. 2021-லிருந்து ஐரோப்பாவில் ஹேமா உள்ள நகப் பொருள்களில் "தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்", "ஒவ்வாமை ஏற்படலாம்" என்று போட்டே ஆக வேண்டும். ஜெல்லை இறுக வைக்கச் சேர்க்கும் டி.பி.ஓ. என்ற இன்னொரு பொருளை, விலங்குச் சோதனைகளில் இனப்பெருக்கத்தைப் பாதித்ததால், 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பா அழகுசாதனங்களில் முழுக்கத் தடை செய்துவிட்டது.

ஒவ்வாமை என்றால் ஏதோ இரண்டு நாள் அரிப்பு என்று நினைக்காதீங்க. இது ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. ஜெல்லைத் தொடவே முடியாது, கற்ற தொழில் போச்சு. அதோடு நிற்காது. பல் அடைக்கிற பொருள், மூட்டு மாற்று ஆபரேஷன் சிமெண்ட், சர்க்கரை அளவு பார்க்க உடம்பில் ஒட்டுகிற சில கருவிகளின் பசை எல்லாம் அக்ரிலேட் குடும்பம்தான். நாற்பது வயதில் நகத்துக்குப் பட்டது, அறுபது வயதில் முழங்கால் ஆபரேஷன் நேரத்தில் கேள்வியாக வந்து நிற்கும். டாக்டரிடம் முன்னாடியே சொல்ல வேண்டிய விஷயம் இது.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சிக்கு இது நடந்தது. டவுனில் ஒரு கடையில் வேலை. கையுறை கேட்டதற்கு "அதெல்லாம் கஸ்டமருக்கு நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டார்களாம். முதலில் விரல் நுனி காய்ந்தது, பிறகு வெடித்தது, பிறகு கண் இமை வீங்கியது. பாத்திரம் தேய்க்கிற சோப்பு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பரிசோதனை செய்த பிறகுதான் ஜெல் என்று தெரிந்தது. இப்போது அவள் ஜெல்லைத் தொடுவதில்லை. புடவை கட்டுவது, ஜடை அலங்காரம் என்று மாறிவிட்டாள். குழுக்கடன் தவணையை ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஆனால் நக அலங்காரத்தில் அவள் கை மாதிரி எனக்கு வராது. அந்தக் கைதான் போய்விட்டது.

வரலாறு கற்றுத் தந்த வைப்பு முறை

பயிற்சி வகுப்பில் நான் சொல்வதை இங்கே வரிசையாகத் தருகிறேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் மேலே இருக்கிறது.

1. வெளிச்சம். ஜெல்லை இறுக வைக்கும் புற ஊதா ஒளி வெயிலிலும் இருக்கிறது, ஜன்னல் கண்ணாடியைத் தாண்டியும் வரும். ஜன்னல் ஓரத்திலும் லேம்புக்குப் பக்கத்திலும் பாட்டிலைத் திறந்து வைக்கக் கூடாது. பாட்டில் கழுத்தைத் துடைத்து, மூடியை இறுக்கி, நிமிர்த்தி, இருட்டான அலமாரியில் வைக்க வேண்டும். தூரிகையையும் மூடியே வைக்க வேண்டும்.

2. சூடு. ஜெல்லுக்குப் பொதுவாக 15 முதல் 25 டிகிரி வரை நல்லது. நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் அது எங்கே என்று கேட்பீர்கள். வீட்டிலேயே குளுமையான அறையில் பீரோவின் கீழ்த் தட்டு போதும். தகரக் கூரைக்கு அடியில் பரண், ஸ்கூட்டர் டிக்கி, அடுப்படி மூன்றும் கூடவே கூடாது. கல்யாண வீட்டுக்குக் கொண்டு போகும்போது சூடு தாங்கும் பையில் எடுத்துப் போங்க. சாப்பாட்டுப் பொருள் இருக்கிற பிரிட்ஜில் வைக்காதீங்க.

3. நெருப்பு. அசிட்டோனின் ஆவி பனிக்கட்டியைவிடக் குளிர்ந்த நிலையிலும் தீப்பிடிக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி, கேஸ் அடுப்பு இருக்கிற அறையில் அசிட்டோனைத் திறக்கக் கூடாது. மேசைமேல் சின்னப் பாட்டில் போதும், பெரிய கேன் மூடி தனியே இருக்கட்டும். நனைத்த பஞ்சை மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட்டு அன்றாடம் வெளியேற்ற வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றினால் டம்ளரே கரையும், அதனால் கண்ணாடிக் கிண்ணம்.

4. பிள்ளைகள். வந்த பாட்டிலிலேயே வைக்க வேண்டும். தண்ணீர் பாட்டில், ஜூஸ் பாட்டிலில் மாற்றவே கூடாது. பூட்டுள்ள அலமாரி. குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல், 108-க்கு அழைத்து, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனை போங்க. கண்ணில் பட்டால் உடனே 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு டாக்டர்.

5. தோல். நைட்ரைல் கையுறை போடுங்க. சாதாரண ரப்பர் கையுறையை இந்தத் திரவங்கள் சீக்கிரம் ஊடுருவும். நைட்ரைலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும், ஜெல் பட்டால் உடனே மாற்றணும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதுசு. நகத்தைச் சுற்றி மயிரிழை இடைவெளி விட்டுப் பூசி, தோலில் வழிந்ததை விளக்கில் வைப்பதற்கு முன்பே துடைக்கணும். ஜெல் பட்ட கையுறையோடு செல்போனைத் தொட்டால், பிறகு அதே போன் கன்னத்துக்கு வரும்.

6. விளக்கு. ஜெல் கம்பெனி எந்த விளக்கைச் சொல்கிறதோ அதுதான். மெல்லிசாகப் பூசி, சொன்ன நேரம் முழுக்க வைக்கணும். தொட்டால் கெட்டியாக இருக்கிறது என்பதற்காக உள்ளே முழுக்க இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. வாடிக்கையாளர் கையில் சன்ஸ்கிரீன் தடவலாம், அல்லது விரல் நுனி வெட்டிய கையுறை போடலாம்.

7. காற்று. ஜன்னல் திறந்திருக்கணும், வெளியே தள்ளும் விசிறி இருந்தால் நல்லது. ராவும்போது தூசிக்கு என் 95 முகக்கவசம். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது.

8. கழிவு. மீந்த ஜெல்லைத் தொட்டியில் கழுவி விடாமல், ஒரு பேப்பரில் மெல்லிசாகத் தடவி விளக்கில் இறுக வைத்துக் குப்பையில் போடணும்.

9. பில்லும் லேபிளும். நம் நாட்டில் 2020-ல் வந்த அழகுசாதன விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, காலாவதி தேதி எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவு எண்ணும் வேண்டும். மூடி திறந்த டப்பா படம் போட்டு 12 என்றோ 24 என்றோ இருந்தால், திறந்த பிறகு அத்தனை மாதம் என்று அர்த்தம். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி ஒட்டுங்க.

நம் கூட்டமைப்பு செய்யக்கூடியது

கலிபோர்னியாவில் ஒருத்தி தனியாகப் போய்க் கேட்டிருந்தால் எந்தக் கம்பெனியும் திரும்பிப் பார்த்திருக்காது. சேர்ந்து கேட்டார்கள், சரக்கு மாறியது. நாம் அரிசியையும் எண்ணெயையும் சேர்ந்து வாங்கி லாபம் பார்த்தவர்கள். அதே மாதிரி ஜெல்லையும் நைட்ரைல் கையுறையையும் கூட்டமைப்பு மூலமாக, பில்லோடு, ஹேமாவும் டி.பி.ஓ.-வும் இல்லாத சரக்காகப் பார்த்து மொத்தமாக வாங்கலாம். ஹேமா இல்லை என்றாலும் வேறு அக்ரிலேட் இருக்கும், ஆகவே கையுறையை விடக் கூடாது.

இரண்டாவது, ஒரு நோட்டு. பார்லர் வேலைக்குப் போகிற உறுப்பினர் யாருக்காவது விரல் அரிப்பு, வெடிப்பு, இமை வீக்கம் வந்தால் மாதக் கூட்டத்தில் சொல்லட்டும், தேதியோடு எழுதி வைப்போம். ஒருத்திக்கு வந்தால் சோப்பு என்று சொல்லிவிடுவார்கள். ஒரே கடைக்குப் போகிற நான்கு பேருக்கு வந்தது என்று நோட்டில் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

மூன்றாவது, டவுன் கடைகளில் வேலை செய்கிற தங்கைகளுக்குக் கையுறை கேட்கிற உரிமை உண்டு என்பதை நாம் சேர்ந்து சொல்லணும். அவள் தனியாகக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்படுவாள். கூட்டமைப்பின் லெட்டர்பேடில் நான்கு வரி போனால் கடைக்காரரும் யோசிப்பார்.

இந்த மூன்றையும் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய கைகள் வேண்டும் சகோதரிகளே. கையுறை போட்ட கைகளாக இருந்தால் இன்னும் சந்தோஷம்.